இம்ப்ரோவ் கிளாஸ் ஒரு நடிகரை நிஜமாவே மாத்துமா? உங்க வாத்தியார் உங்களுக்கு என்ன குடுத்தாங்க?

மேடையோரம் எழுதியது:

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. நான் ஒன்பது வருஷமா நாடகத்துல நடிக்கிறேன். முதல் ஆறு வருஷம் "நல்லா பண்ற"ன்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் நம்பினேன். டயலாக்ல ஒரு எழுத்து பிசகாது, எந்த வரியில திரும்பணும், எங்க மூச்சு எடுக்கணும், எந்த இடத்துல கண்ணு கலங்கணும், அத்தனையும் கண்ணாடி முன்னாடி நின்னு முடிவு பண்ணிட்டுத்தான் ரிகர்சலுக்கே போவேன். எதிர்ல யாரு நின்னாலும் என் நடிப்பு ஒரே மாதிரி இருக்கும். அதுதான் திறமைன்னு நினைச்சிருந்தேன்.

அப்புறம் ஒரு டைரக்டர் ரிகர்சல் நடுவுல என்னை நிறுத்தி, "இப்ப அவர் உங்ககிட்ட என்ன சொன்னாரு?"ன்னு கேட்டாரு. அவரோட வரியை அப்படியே ஒப்பிச்சேன். "வரி எனக்கும் தெரியும்மா, எப்படி சொன்னாரு?"ன்னாரு. என்கிட்ட பதில் இல்ல. அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல, அடுத்த மாசமே ஒரு இம்ப்ரோவ் கிளாஸ்ல சேந்துட்டேன், அதாவது எழுதி வைக்காம அந்த நேரத்துல உருவாக்கி நடிக்கிற பயிற்சி.

அங்க மூணாவது கிளாஸ்ல நடந்ததுதான் இந்த இழையை ஆரம்பிக்கக் காரணம். ரெண்டு பேர் ஸீன், ஸ்கிரிப்ட் கிடையாது, முன்னாடி பேசி வச்சுக்கக் கூடாது. நான் உள்ளுக்குள்ள ஒரு பிளானோட போனேன், நான் பேங்க்ல இருந்து கடனைத் திருப்பிக் கேட்டு வர்றவ, கறாரா பேசப் போறேன்னு. உள்ள நுழைஞ்சதும் பார்ட்னர் சொன்னாரு, "வாக்கா, அப்பா இப்பத்தான் தூங்கினாரு." நான் என்ன பண்ணேன் தெரியுமா, "நான் உங்க அக்கா இல்ல சார், பேங்க்ல இருந்து வர்றேன்"னேன். சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. ஸீன் அந்த இடத்துலயே செத்துப்போச்சு, அது எனக்கே தெரிஞ்சுது, ஆனா எப்படி எழுப்புறதுன்னு தெரியல.

எங்க வாத்தியாரம்மா நிறுத்தல, திட்டல. ஓரத்துல இருந்து மெதுவா ஒண்ணே ஒண்ணு சொன்னாங்க. "அவன் கையைப் பாரு."

பாத்தேன். அவரு ரெண்டு கையையும் அகல விரிச்சு எதையோ பிடிச்சுக்கிட்டு நின்னாரு. போர்வை. நான் நுழைஞ்சதுல இருந்தே அவரு போர்வை மடிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்காரு, தனியா மடிக்க முடியாம ஒரு முனை தரையில கிடக்குது, நான் அதை மிதிச்சுக்கிட்டே பேங்க் கதை பேசியிருக்கேன். குனிஞ்சு அந்த முனையை எடுத்தேன். ஒண்ணும் பேசல. ரெண்டு பேரும் இழுத்துப் பிடிச்சு, முனையோட முனை சேத்து, கிட்ட வந்து, மறுபடி தள்ளிப் போய் மடிச்சோம். மூணாவது மடிப்புல அவரு கைக்கு நான் குடுக்கும்போது, "எத்தனை நாளா சாப்பிடல அவரு?"ன்னு என் வாய்ல இருந்து வந்துச்சு. அதை நான் யோசிக்கவே இல்ல. அவரு "நாலு நாள்"னு சொல்லிட்டு என் முகத்தைப் பாக்காம போர்வையைப் பாத்தாரு. எனக்கு தொண்டை அடைச்சுப்போச்சு, ஆறு வருஷம் கண்ணாடி முன்னாடி பண்ண எந்த அழுகையும் அப்படி வந்ததில்ல.

கிளாஸ் முடிஞ்சு வாத்தியாரம்மா கேட்டது ஒரே கேள்வி. "போர்வை என்ன கலரு?" நீலம்னேன். "ஓரத்துல நூல் பிரிஞ்சிருந்துச்சு"ன்னும் சொன்னேன். தலையாட்டிட்டுப் போயிட்டாங்க. நல்லா பண்ணேன்னு சொல்லல. எனக்கு அது தேவையும் படல.

உங்களுக்கு இந்த மாதிரி நடந்திருக்கா? ஒரு வாத்தியார் ஒரு நடிகரை எந்த அளவுக்கு மாத்த முடியும்? எழுதுங்க.


ரெண்டாவது டேக் எழுதியது:

அழகா எழுதியிருக்கீங்க, போர்வை எனக்கும் தெரிஞ்சுது. ஆனா எனக்கு இதுல உடன்பாடு கம்மி, நேராவே சொல்லிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

நான் கேமரா முன்னாடி நடிக்கிறவன். இம்ப்ரோவ் கத்துக்கிட்டு வந்த ஆளுங்களோட வேலை செஞ்ச அனுபவம் எனக்கு நல்லா இல்ல. எழுத்தாளர் ராப்பகலா உக்காந்து எழுதின வரியை விட்டுட்டு அவங்களுக்கு அந்த நேரத்துல தோணினதைப் பேசுவாங்க, நான் பேச ஆரம்பிக்க வேண்டிய க்யூ வரி வராது, கன்டினியூட்டி போயிடும், போன டேக்ல இடது கையில பிடிச்ச கிளாஸ் இந்த டேக்ல வலது கையில இருக்கும். கேட்டா "அந்த நிமிஷத்துல இருந்தேன்"னு சொல்றாங்க. நடிகனோட முதல் வேலை எழுதினதுக்கு உயிர் குடுக்கிறது, அதுக்குப் பதிலா வேற எழுதுறது இல்ல.

இன்னொண்ணு, நான் பாத்த கிளாஸ்ல எல்லாம் சிரிப்பு வரவைக்கிறதுதான் நடந்துச்சு. யாரு சீக்கிரமா ஜோக் அடிக்கிறாங்களோ அவங்கதான் அங்க ஹீரோ. அதுல நடிப்பு எங்க இருக்குன்னு எனக்குப் புரியல.


ஒத்திகை அறை எழுதியது:

நான் பதினாலு வருஷமா இம்ப்ரோவ் சொல்லிக்குடுக்கிறேன். ரெண்டாவது டேக் சொல்ற ரெண்டு குறையும் நிஜம், நானும் பாத்திருக்கேன். ஆனா அவரு சொல்றது இம்ப்ரோவ் சரியா போய்ச் சேராத ஆளுங்களைப் பத்தி. வரியை மாத்துறவன் பார்ட்னரைக் கேட்டு மாத்தல, தன்னை காட்டிக்கறதுக்கு மாத்துறான். ஜோக் அடிக்கிறவனும் அப்படித்தான். ரெண்டுமே பயத்துல வர்றது, அமைதியா ரெண்டு செகண்ட் நிக்க பயம்.

இதோட வேர் எங்க இருக்குன்னு பாத்தா சிரிப்புக்கும் இதுக்கும் முதல்ல சம்பந்தமே இல்லன்னு தெரியும். வயோலா ஸ்போலின்னு ஒரு அம்மா, 1906ல சிகாகோவுல பொறந்தவங்க. நீவா பாய்ட்னு ஒருத்தங்ககிட்ட விளையாட்டு வழியா குழந்தைகளோடயும் மத்தவங்களோடயும் வேலை செய்யிறதைக் கத்துக்கிட்டாங்க. 1930கள் கடைசியில அரசாங்கத்தோட ஒரு பொழுதுபோக்குத் திட்டத்துல நாடகப் பிரிவைப் பாத்துக்கிட்டாங்க. வந்தவங்க பல நாட்டுல இருந்து குடியேறின குடும்பத்து ஆளுங்க, ஒருத்தர் பேசுறது இன்னொருத்தருக்குப் புரியாது, நடிப்புன்னா என்னன்னு லெக்சர் குடுத்தா வேலைக்கு ஆகாது. அதனால ஒவ்வொரு நடிப்புப் பிரச்சினைக்கும் ஒரு விளையாட்டு கண்டுபிடிச்சாங்க. எங்க இருக்கோம், யாரு நாம, என்ன செய்யிறோம், இந்த மூணையும் வாயால சொல்லாம பாக்கிறவனுக்கு காட்டணும். அந்த விளையாட்டுங்க எல்லாம் சேந்து 1963ல புத்தகமா வந்துச்சு. அவங்க மகன் பால் சில்ஸ் 1959ல சிகாகோவுல செகண்ட் சிட்டிங்கிற சிரிப்பு நாடகக் குழுவை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர், அங்க இருந்த நடிகர்களுக்கும் அந்தம்மா கிளாஸ் எடுத்திருக்காங்க. சிரிப்பு மேடைக்கு அது போனது அந்த விளையாட்டுங்க பொறந்து ரொம்ப நாள் கழிச்சுத்தான்.

மேடையோரம், உங்க வாத்தியாரம்மா ஓரத்துல இருந்து "அவன் கையைப் பாரு"ன்னாங்க இல்ல, அதுக்கு சைட் கோச்சிங்னு பேரு, அதுவும் ஸ்போலின்கிட்ட இருந்து வந்ததுதான். ஆட்டத்தை நிறுத்தாம, நடிக்கிறவனை மேடையில இருந்து இறக்காம, ஒரு வார்த்தையில அவன் கவனத்தை மட்டும் திருப்பி விடுறது. பாக்க லேசா இருக்கும், ஆனா வாத்தியார் வேலையிலேயே கஷ்டமானது அதுதான். "சோகமா இரு"ன்னு சொன்னா அவன் சோகத்தை நடிப்பான். "கத்து"ன்னா கத்துவான். "கையைப் பாரு"ன்னா அவன் பாக்கணும், பாத்தா அவனுக்கே ஏதாவது நடக்கும். என்ன நடக்கணும்னு வாத்தியார் முடிவு பண்றதில்ல. இது எனக்கு கைவர ஆறேழு வருஷம் ஆச்சு, அதுவரைக்கும் நான் ரொம்பப் பேசினேன்.

பாராட்டாம போனதைப் பத்தியும் சொல்லணும். அதுவும் தற்செயல் இல்ல. சபாஷ் வாங்கவும் திட்டு வாங்காம இருக்கவும் பாக்கிற பழக்கம்தான் நடிகனை முடக்குறதுல முதல்னு ஸ்போலின் எழுதியிருக்காங்க. நான் "சூப்பர்"னு சொல்லிட்டா அடுத்த வாரம் அதே சூப்பரை அவன் மறுபடி செஞ்சு காட்டுவான். அன்னிக்கே அது செத்துடும். கலரு என்னன்னு கேட்டா அவனுக்குத் தன் மேல இருந்த கண்ணு பொருள் மேல போகும்.


கடைசி வரிசை எழுதியது:

எல்லாரும் நல்ல வாத்தியாரைப் பத்தி எழுதுறீங்க. எனக்குக் கிடைச்சதை நானும் எழுதிடறேன், ஏன்னா புதுசா சேரப் போறவங்க இந்த இழையைப் படிப்பாங்க.

எங்க கிளாஸ்ல ஒரே சட்டம்தான் சுவத்துல எழுதி இருக்கும், "எதுக்கும் ஆமா சொல்லு, அதோட ஒண்ணு சேரு". கேக்க நல்லா இருக்கும். ஒரு நாள் ஸீன்ல பார்ட்னர் என்னை இழுத்து மடியில உக்கார வச்சாரு. எனக்குப் பிடிக்கல, எழுந்து தள்ளி நின்னேன், கதைக்குள்ளயே இருந்துதான் செஞ்சேன், "எனக்கு வேலை இருக்கு"ன்னு. வாத்தியார் எல்லார் முன்னாடியும் நிறுத்தி, "நீ பிளாக் பண்ற, உன்கிட்ட நடிகைக்கான துணிச்சல் இல்ல"ன்னாரு. பிளாக்னா பார்ட்னர் ஸீன்ல குடுக்கிறதை ஏத்துக்காம தடுக்கிறது. இன்னொரு நாள், போன வருஷம் எங்க வீட்டுல நடந்த ஒரு சாவைப் பத்தி எப்படியோ தெரிஞ்சுக்கிட்டு அதையே ஸீனா பண்ணச் சொன்னாரு. பண்ணேன். எல்லாரும் அழுதாங்க, கைதட்டினாங்க. நான் வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் யாருகூடவும் பேசல. அதுக்கப்புறம் ஒன்றரை வருஷம் மேடைப் பக்கமே போகல.

மேடையோரம் கேட்டது ஒரு வாத்தியார் ஒரு நடிகரை எந்த அளவுக்கு மாத்த முடியும்னு. இந்த அளவுக்கும் மாத்த முடியும்.


மேடையோரம் எழுதியது:

கடைசி வரிசை, நீங்க இதை எழுதினதுக்கு நன்றி. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. எழுந்து தள்ளி நின்னு "வேலை இருக்கு"ன்னீங்க பாருங்க, அது பிளாக்கே இல்ல, அது உங்க கேரக்டர் குடுத்த பதில். அதை வச்சே எவ்வளவு நல்ல ஸீன் போயிருக்கலாம், அந்த ஆளு ஏன் இழுத்தாரு, அவ ஏன் எழுந்தா, எல்லாம் அங்கேயே இருக்கு. அதைப் பாக்கத் தெரியாதது வாத்தியாரோட குறை.


ஒத்திகை அறை எழுதியது:

அதையேதான் நானும் சொல்ல வந்தேன், மேடையோரம் முந்திட்டாங்க. இன்னும் கொஞ்சம் சேத்துக்கறேன், இதுல எனக்குக் கோவமே வருது.

"ஆமா, அதோட"ங்கிறது கற்பனைக்கு சொன்ன விதி. பார்ட்னர் "மழை பெய்யுது"ன்னா மழை பெய்யுது, அந்த உலகத்தை நான் ஏத்துக்கறேன், அவ்வளவுதான். மழையில நனைய மாட்டேன்னு என் கேரக்டர் சொல்லலாம், குடை தர மாட்டேன்னு சண்டை போடலாம், பாதி நல்ல ஸீன் "முடியாது"ன்னு ஒருத்தர் சொல்றதுலதான் ஆரம்பிக்குது. நடிக்கிறவங்களோட உடம்புக்கும் சொந்த வாழ்க்கைக்கும் அந்த விதி எப்பவுமே பொருந்தாது. என் கிளாஸ்ல முதல் நாளே தொடுறதுக்கு எல்லை என்னன்னு ஜோடி ஜோடியா பேசிக்குவாங்க, நிறுத்தணும்னா சொல்றதுக்கு ஒரு வார்த்தை இருக்கும், அந்த வார்த்தையைச் சொன்னவங்ககிட்ட ஏன்னு கேக்கிற உரிமை எனக்கே கிடையாது.

துணிச்சல் இல்லன்னு சொன்னாரே அந்த வாத்தியார், அவரு இம்ப்ரோவ் வாத்தியார் கீத் ஜான்ஸ்டனைப் படிச்சிருக்கணும். 1950கள்ல லண்டன் ராயல் கோர்ட் தியேட்டர்ல ஆரம்பிச்சு, அப்புறம் கனடாவுல கால்கரி போய் அங்க 1977ல லூஸ் மூஸ் தியேட்டரைத் தொடங்கினவர். புது மாணவர்கள் முன்னாடி அவரு நாற்காலியில உக்கார மாட்டாராம், தரையில உக்காந்துக்குவாராம். நீங்க சொதப்பினா என்னைக் குத்தம் சொல்லுங்க, நான்தானே விஷயம் தெரிஞ்சவன், கஷ்டமானதைக் குடுத்தது என் தப்புன்னு சொல்லிடுவாராம். யோசிச்சுப் பாருங்க, தோத்தா பழி எனக்கில்லன்னு தெரிஞ்ச மாணவன் எவ்வளவு தூரம் போவான். மெனக்கெட்டு புத்திசாலியா இருக்காதீங்க, கண்ணுக்கு முன்னாடி இருக்கிறதைச் சொல்லுங்கங்கிறது அவரோட இன்னொரு பாடம். அக்கான்னு கூப்பிட்டா அக்காவா இரு. அவ்வளவுதான்.


பழைய டிக்கெட் எழுதியது:

வாத்தியார் கடுமையா இருக்கக் கூடாதுன்னு முடிவு கட்டிடாதீங்கன்னு மட்டும் சொல்லணும்னு தோணுது. பிலிப் கோலியேன்னு ஒரு கோமாளிக்கலை ஆசான், மாணவன் சரியா பண்ணலன்னா முகத்துக்கு நேரா ரொம்ப மோசம்னு சொல்றதுக்குப் பேர் போனவரு. நடிகர் சாஷா பாரன் கோஹன் அவர்கிட்ட படிச்சவர்தான். அந்த கடுமை சிலருக்கு ஒத்துப்போச்சு, சிலருக்கு ஒத்துப்போகாம இருந்திருக்கும். ஆனா கடைசி வரிசை சொன்னது வேற. நடிப்பை மோசம்னு சொல்றதும் நடிகையை மோசம்னு சொல்றதும் ஒண்ணு இல்ல.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது கோலியேவோட வாத்தியாரு ஜாக் லெகாக் சொன்ன ஒரு சம்பவம். 1956ல பாரிஸ்ல பள்ளிக்கூடம் ஆரம்பிச்சவரு, அதுக்கு முன்னாடி உடற்பயிற்சி சொல்லிக்குடுத்தவரு. கோமாளின்னா என்னன்னு தேடுறதுக்காக மாணவர்களை வட்டமா உக்கார வச்சு, ஒவ்வொருத்தரா நடுவுல வந்து எங்களைச் சிரிக்க வைங்கன்னாரு. குட்டிக்கரணம் போட்டாங்க, வார்த்தை விளையாட்டு விளையாடினாங்க, தலைகீழா நின்னாங்க, ஒரு ஆளும் சிரிக்கல. தோத்துப்போய் முகம் வாடி அவங்கவங்க இடத்துக்குத் திரும்பினாங்க பாருங்க, அப்பத்தான் எல்லாரும் சிரிச்சாங்க. செஞ்சு காட்டினதுல எதுவும் இல்ல, செஞ்சு முடிச்சு கைய விட்ட இடத்துல மனுஷன் தெரிஞ்சான். அந்த இடத்தை லெகாக் பாத்தாரு. வேற ஒருத்தரா இருந்தா "இன்னிக்கு கிளாஸ் சரியில்ல"ன்னு வீட்டுக்கு அனுப்பியிருப்பாரு. வாத்தியாரோட கண்ணுன்னு நான் சொல்றது இதைத்தான்.

ரெண்டாவது டேக்குக்கும் ஒண்ணு. எழுதின வரிக்கும் இம்ப்ரோவுக்கும் சண்டைன்னு நினைக்க வேண்டாம். பிரிட்டிஷ் டைரக்டர் மைக் லீ ஸ்கிரிப்ட் இல்லாமத்தான் ஆரம்பிப்பாரு. ஒவ்வொரு நடிகரோடயும் தனியா உக்காந்து அந்த ஆளோட முழு வாழ்க்கையை உருவாக்கி, மாசக்கணக்குல இம்ப்ரோவ் பண்ண விட்டு, அதுல இருந்து ஸீனை செதுக்கி எடுப்பாரு. கேமரா ஓடுற நேரத்துக்கு வார்த்தை எல்லாம் பெரும்பாலும் உறுதியாயிருக்கும். 1996ல கான் திரைப்பட விழாவுல முதல் பரிசு வாங்கின அவரோட படம் இருக்கே, அதுல பிறந்ததுமே தத்து குடுத்துட்ட பொண்ணை அம்மா முதல்முறையா பாக்கிறா. அந்தப் பொண்ணு கறுப்பினத்தவங்கிறது அம்மாவா நடிச்ச பிரெண்டா பிளெத்தினுக்கு முன்கூட்டி சொல்லப்படல, இம்ப்ரோவுல நேர்ல சந்திச்சப்பதான் தெரியும். அந்த அதிர்ச்சி முதல்ல நடந்துச்சு, வரி அப்புறம் வந்துச்சு.


ரெண்டாவது டேக் எழுதியது:

ரெண்டு நாளா யோசிச்சேன். ஒரு விஷயத்தை இங்க சொல்லணும்.

போன வருஷம் ஒரு ஸீன், மனைவிகிட்ட வேலை போயிடுச்சுன்னு சொல்லணும். நான் நல்லா தயார் பண்ணிட்டுப் போனேன், எங்க குரல் உடையணும்னு கூட. நாலு டேக் போச்சு. எடிட்டிங்ல போய் பாத்தப்ப எடிட்டர் ஒண்ணு காட்டினாரு. மூணாவது டேக்ல, நான் சொல்றதுக்கு முன்னாடியே எதிர்ல நடிச்சவங்க கண்டுபிடிச்சுட்டாங்க. அவங்க முகத்துல தெரியுது, "சொல்லாத, எனக்குப் புரிஞ்சிடுச்சு"ன்னு லேசா தலை ஆடுது, கை நீட்டி என் சட்டை பட்டனைத் தொடுறாங்க. அது ஸ்கிரிப்ட்ல இல்ல. வரி ஒண்ணு கூட மாத்தல அவங்க. நான் என்ன பண்றேன், அவங்க கையைக் கூட பாக்காம, சரியான இடத்துல குரலை உடைச்சு என் வரியைச் சொல்றேன். பாக்கவே வேதனையா இருந்துச்சு. அவங்க என் கூட இருக்காங்க, நான் அங்கேயே இல்ல. எடிட்டர் ஒண்ணும் சொல்லல, அந்த டேக்கை வெட்டிட்டாரு.

அப்ப அது வெறும் டேக் பிரச்சினைன்னு விட்டுட்டேன். இந்த போர்வைக் கதையைப் படிச்சதுக்கு அப்புறம் அந்த பட்டன்தான் ஞாபகம் வந்துக்கிட்டே இருக்கு. வரியை மாத்தாமலே இம்ப்ரோவ் பண்ண முடியும்னா, அதை எப்படி பயிற்சி பண்றது?


ஒத்திகை அறை எழுதியது:

நீங்க கேக்கிறதுக்கு நேரான பயிற்சி சான்ஃபோர்ட் மெய்ஸ்னர் கிட்ட இருக்கு. நியூயார்க்ல நெய்பர்ஹுட் பிளேஹவுஸ்ங்கிற நடிப்புப் பள்ளிக்கூடத்துல 1935ல இருந்து பல பத்து வருஷம் சொல்லிக்குடுத்தவரு. ரெண்டு பேர் எதிர் எதிரா உக்காரணும். ஒருத்தர் எதிர்ல இருக்கிறவங்ககிட்ட கண்ணுக்குத் தெரியிறதைச் சொல்லணும், "நீ சிரிக்கிற." மத்தவர் அதையே திருப்பிச் சொல்லணும், "நான் சிரிக்கிறேன்." "நீ சிரிக்கிற." "நான் சிரிக்கிறேன்." இப்படியே போகும். முதல் அஞ்சு நிமிஷம் பைத்தியக்காரத்தனமா இருக்கும். வார்த்தை மாறாதுன்னு ஆனதும் மூளைக்கு யோசிக்க ஒண்ணும் இல்லாம போயிடும், அப்ப காது திறக்கும். அதே ரெண்டு வார்த்தை கெஞ்சலா வரும், எரிச்சலா வரும், ஒரு இடத்துல பயமா கூட வரும், நீங்க வரவைக்கிறதில்ல, எதிர்ல இருக்கிறவங்க உங்களுக்குள்ள இருந்து எடுக்கிறாங்க. எழுதின வரியோட வேலை செய்யிறவங்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி நான் பாத்ததில்ல.

இன்னொண்ணு, ஜான்ஸ்டனோட ஸ்டேட்டஸ் பயிற்சி. ஸ்டேட்டஸ்னா ரெண்டு பேர்ல யாரு கை மேல, யாரு கை கீழங்கிறது. எழுதின ஸீனையே எடுத்துக்கங்க, ஒரு வரியும் மாத்தாதீங்க, ஆனா எதிராளிக்கு ஒரு துளி மேல இருங்க. அடுத்த தடவை ஒரு துளி கீழ. நிறைய வேண்டாம், துளிதான். பேசும்போது தலையை ஆட்டாம வச்சுக்கிட்டா ஸ்டேட்டஸ் ஏறும், முகத்தை அடிக்கடி தொட்டா இறங்கும். இதை நீங்க செய்யிறப்ப எதிராளி தானா மாறுவாங்க, மாறினதும் உங்க வரி வேற மாதிரி வரும். கன்டினியூட்டியும் போகாது, இடது கை கிளாஸ் இடது கையிலேயே இருக்கும்.


புதுசு எழுதியது:

முழு இழையும் படிச்சேன், ரெண்டு தடவை. நான் எங்கேயும் நடிச்சதில்ல, ஆசை மட்டும் இருக்கு. கூட்டத்துல பேசச் சொன்னா மண்டை காலியாயிடும், நிஜமாவே ஒரு வார்த்தை வராது. என்னை மாதிரி ஆளு போலாமா? போனா எந்த வாத்தியார்கிட்ட போறதுன்னு எப்படித் தெரியும்? கடைசி வரிசை எழுதினதைப் படிச்சதுல இருந்து பயமா இருக்கு.


கடைசி வரிசை எழுதியது:

பயப்பட வைக்கிறதுக்கு எழுதல, பாத்துப் போகணும்னுதான். நான் சொல்ற அடையாளம் ஒண்ணு: யாராவது "நான் இதைப் பண்ண மாட்டேன்"னு சொல்றப்ப வாத்தியார் முகத்தைப் பாருங்க. சேர்றதுக்கு முன்னாடி ஒரு கிளாஸ் ஓரமா உக்காந்து பாக்க விடுவீங்களான்னு கேளுங்க. பாக்கவே விடமாட்டேன்னா எனக்கு அங்க வேலை இல்ல.

இன்னொண்ணும் சொல்லிடறேன், முன்னாடி சொல்லாம விட்டுட்டேன். நான் இப்ப வேற கிளாஸ்ல இருக்கேன், எட்டு மாசம் ஆச்சு. இங்க முதல் நாள் வாத்தியார் எங்களை நடிக்கவே விடல, ரூம்ல நடக்கச் சொன்னாரு, நிக்கச் சொன்னாரு, யாராவது ஒருத்தர் நின்னா எல்லாரும் நிக்கணும், ஒருத்தர் நடந்தா எல்லாரும் நடக்கணும், அவ்வளவுதான். அரை மணி நேரத்துல இருபது பேரும் ஒண்ணா நின்னோம், யாரு முதல்ல நின்னாங்கன்னு யாருக்கும் தெரியல. நான் அழுதேன். நல்ல அழுகை.


ஒத்திகை அறை எழுதியது:

புதுசு, மண்டை காலியாகிறது உங்களுக்கு மட்டும் இல்ல. காலியாகிற நேரத்துல நீங்க உள்ள தேடுறீங்க, உள்ள ஒண்ணும் இல்லைன்னதும் பயம் வருது. வெளிய பாருங்க. எதிர்ல ஒரு ஆளு நிக்கிறாரு, அவரு எப்படி மூச்சு விடுறாரு, செருப்பு எப்படித் தேஞ்சிருக்கு, கை எங்க இருக்கு, அதுல ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க போதும். உங்களுக்கு வாய் பேச வராதது ஒரு வகையில நல்லது, சீக்கிரம் பேசுறவங்களுக்குத்தான் நான் ஒரு வருஷம் வாயைக் கட்ட வேண்டியிருக்கு.

வாத்தியாரைத் தேர்ந்தெடுக்கிறதுக்கு என்கிட்ட பெரிய லிஸ்ட் இல்ல. ஒரு கிளாஸ் பாக்கும்போது யாரு ஜாஸ்தி பேசுறாங்கன்னு பாருங்க, வாத்தியாரா மாணவனா. ஒரு ஸீன் சொதப்பினதும் அந்த ரூம் எப்படி இருக்குன்னு பாருங்க, சொதப்பினவன் சிரிச்சுக்கிட்டே அடுத்ததுக்கு கை தூக்கினா நல்ல இடம், சுவத்தோரம் போய் ஒடுங்கி நின்னா யோசிங்க. மாணவன் எல்லாம் வாத்தியார் மாதிரியே கை ஆட்டிப் பேசுறாங்களான்னும் பாருங்க. அது எனக்கே நடந்துச்சு, அஞ்சாவது வருஷத்துல, என் பசங்க எல்லாரும் நான் பேசுறப்ப விடுற இடைவெளியோடயே பேசினாங்க. அன்னிக்குதான் நான் உருவாக்கினது நடிகர்களை இல்ல, என் நகலைன்னு புரிஞ்சு எல்லாத்தையும் மாத்தினேன்.


மேடையோரம் எழுதியது:

புதுசு, போங்க. நான் ஒண்ணு மட்டும் சொல்றேன். போன மாசம் எங்க நாடகம் நாப்பதாவது ஷோ. அதே வரி, அதே இடம், அதே லைட். ரெண்டாவது காட்சியில என் மகனா நடிக்கிற பையன் "நான் கிளம்புறேன்மா"ன்னு சொல்லணும், முப்பத்தொன்பது தடவை சொல்லியிருக்கான். அன்னிக்கு அவனுக்குக் காய்ச்சல், குரல் பாதிதான் வந்துச்சு. பழைய நான்னா அவன் குரல் சரியில்லன்னு மனசுக்குள்ள எரிச்சல்பட்டுக்கிட்டே என் வரியை வழக்கம் போலச் சொல்லியிருப்பேன். அன்னிக்கு எனக்குக் கேட்டுச்சு. போக மனசில்லாத பையன் கிளம்புறேன்னு சொல்றான்னு கேட்டுச்சு. என் வரி "சரி, பாத்துப் போ". அதையேதான் சொன்னேன், ஆனா சொல்றதுக்கு முன்னாடி அவன் சட்டைக் காலரை சரி பண்ணேன், சரி பண்ண ஒண்ணுமே இல்லாத காலர் அது. அவன் என்னைப் பாத்தான். மேடைக்குப் பின்னாடி போனதும், "இன்னிக்கு என்னக்கா பண்ணீங்க, எனக்குப் போகவே மனசு வரல"ன்னான்.

வாத்தியாரம்மா அந்த ஷோவுக்கு வரல. வந்திருந்தாலும் காலர் என்ன கலருன்னுதான் கேட்டிருப்பாங்க.


ரெண்டாவது டேக் எழுதியது:

நான் ஒரு எட்டு வார கிளாஸ்ல பேர் குடுத்துட்டேன். முதல்ல ஒரு கிளாஸ் ஓரமா உக்காந்து பாத்துட்டுத்தான் குடுத்தேன், கடைசி வரிசைக்கு நன்றி.


புதுசு எழுதியது:

நானும் நேத்து முதல் கிளாஸ் போயிட்டு வந்தேன். கயிறு இழுக்கிற போட்டி, நாலு பேர் இந்தப் பக்கம், நாலு பேர் அந்தப் பக்கம், கயிறே கிடையாது. வாய் பேச வேண்டியதில்லன்னதும் எனக்கு நிம்மதியா போச்சு. உள்ளங்கை இன்னும் எரியிற மாதிரியே இருக்கு.


ஒத்திகை அறை எழுதியது:

இழுக்கும்போது கயிறு ரப்பர் மாதிரி நீண்டுச்சா? ரெண்டு பக்கமும் பின்னாடி போனாங்களா?


புதுசு எழுதியது:

முதல் ரெண்டு தடவை நீண்டுச்சு. அந்த மேடம் ஓரத்துல இருந்து "கயித்தைப் பாருங்க, ஒரே கயிறு"ன்னாங்க. மூணாவது தடவை அந்தப் பக்கம் இழுத்தாங்க, நான் முன்னாடி போய் விழுந்தேன். செவ்வாய்க்கிழமை மறுபடி கிளாஸ், போறேன்.